வரட்டுங்களா?

"அப்ப, வரட்டுங்களா அம்மிணி?"

"சரிங்க மேஸ்திரி. பார்த்துப் போங்க."

"மழை வரும்போல இருக்குது."

"ஆமாங்க. அதுக்குள்ள வீடு போய்ச் சேர்ந்துருங்க."

பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கோயமுத்தூர் சிங்காநல்லூரில், அம்சவேணி வீட்டு கேட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று இரண்டு பேர் பேசிக்கொண்டது இவ்வளவுதான். வெளியில் சொன்னால் இதையெல்லாம் ஒரு பேச்சு என்றே யாரும் மதிக்க மாட்டார்கள். அம்சவேணியோ அதை மனசுக்குள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

அன்றைக்குத்தான் அவர்கள் வேலை பார்த்த நூல் மில்லை மூடினார்கள். நூலை இழுத்து அறுத்துப் பார்த்து அதன் பலத்தைக் குறித்து வைக்கும் லேப்பில் அவள் இருபத்திரண்டு வருடம் இருந்தாள். திருமூர்த்தி நூற்பு மெஷின்களுக்கு மேஸ்திரி. கல்யாணமான மூன்றாம் வருடமே கணவனைப் பறிகொடுத்தவள் அவள். மனைவியை இழந்து ஒற்றை மகளை வளர்த்துக் கட்டிக் கொடுத்தவர் அவர். மில் கேட்டில் எல்லோரும் அழுதுகொண்டும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டும் இருந்தபோது, அவர் மட்டும் அவள் லேப்பில் உட்கார்ந்திருந்த மர முக்காலியைத் தன் வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். அதைத்தான் சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஒரு கால் ஆடிட்டே இருந்துச்சுங்க. சரி பண்ணிட்டேன்."

பிறகுதான் அந்த "வரட்டுங்களா". அவள் "சரிங்க, பார்த்துப் போங்க" என்று சொன்ன பிறகும் அவர் உடனே கிளம்பவில்லை. ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். கேட்டின் கம்பி வழியாகக் கையை விட்டு முக்காலியை ஒரு தரம் அசைத்துப் பார்த்தார். "இனி ஆடாதுங்க" என்றார். போய்விட்டார். அடுத்த மாதம் உடுமலைப் பக்கம் சொந்த ஊருக்கே குடிபோய், தோட்டங்களுக்குப் பம்பு மோட்டார் பழுது பார்க்க ஆரம்பித்தார் என்று கேள்விப்பட்டாள்.

கிளம்புகிறவன் எதற்கு அவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? பதினோரு வருடமாக அவளுக்கு விளங்காத கேள்வி இதுதான்.

*

இப்போது அவளுக்கு அறுபத்திரண்டு வயது. மில்லின் பஞ்சுத் தூசி அவளுடைய நுரையீரலில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. வீட்டுக் கூடத்தின் சுவரில் அரசாங்கம் மாட்டிய மூச்சுமானி ஒன்று இருக்கிறது. நுரையீரல் கெட்ட எல்லோர் வீட்டிலும் இருப்பதுதான். அது காதைத் தீட்டிக்கொண்டே இருக்கும். மனிதர்கள் பேசும்போது எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள் என்பதை வைத்தே நுரையீரலின் நிலைமையைக் கண்டுபிடித்துவிடும். காலையில் ஏழு மணிக்கு, "வணக்கம் அம்சவேணி, ஏதாவது ஒரு வாக்கியம் பேசுங்கள்" என்று கேட்கும். அவள் பால் பாக்கெட்டை எடுத்து அதில் எழுதியிருப்பதைப் படிப்பாள். "குளிர்ந்த இடத்தில் வைக்கவும்." அது "நன்றி" என்று சொல்லும். பல நாட்களில் அந்த வீட்டில் நடக்கும் முழு உரையாடலும் அதோடு முடிந்துவிடும்.

புரட்டாசியின் முதல் மழை பெய்த மறுநாள் நர்ஸ் ரெஜினா வந்தாள். முப்பத்தைந்து வயது, கணீரென்ற குரல். வாசலிலேயே மழைக்கோட்டைக் கழற்றி, கையைக் கழுவி, முகக்கவசத்தை மாற்றிக்கொண்டு உள்ளே வந்து நேராக அந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"பாரம் நிரப்ப வந்திருக்கேன்மா. பேரு, வயசு, நோவு எல்லாம் பழசுதான். துணை பேரு மட்டும் சொல்லுங்க."

"போன வருஷம் எழுதுனதையே எழுதிக்க கண்ணு."

"போன வருஷம் நீங்க ஒண்ணும் எழுதலையே."

"அதத்தான் சொல்றேன்."

ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்தாலும் சிரிக்கவில்லை. "அம்மா, விளையாட்டு இல்லை. மழைக்காலத்துல வர்ற சாதாரண வைரஸ்தான் இது. எனக்கு வந்தா மூணு நாள் மூக்கு ஒழுகும். பிறந்த குழந்தைக்கும் உங்களை மாதிரி நுரையீரல் போனவங்களுக்கும் வந்தா மூச்சை நிறுத்திட்டுத்தான் போகும். போன வருஷம் பட்டது போதாதா?"

போன வருஷம் குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர் ஒரே ஒரு தும்மல் தும்மினார். அம்சவேணி பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "இன்னொரு தடவை வந்தால் இந்த நுரையீரல் எழுந்திருக்காது" என்று டாக்டர் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லி அனுப்பினார்.

"எனக்கே நேரா ஒரு ஊசியப் போட்டு உட்டுரு கண்ணு. முன்னால எல்லாம் அப்படித்தானே போட்டாங்க?"

"முன்னால கேட்டுச்சு. வைரஸ் மாறிப்போச்சு, பலவீனமான உடம்புல அந்த ஊசி இப்ப எடுபடறதே இல்லை. அதான் இந்தத் துணைமருந்து. நல்லா இருக்கற ஒருத்தருக்கு ஊசி போடுவோம். அது அவங்க தொண்டையில வளரும். ஒரு மனுஷத் தொண்டைக்குள்ள போய் வந்தாத்தான் அதோட கடுப்பு குறையும். அப்புறம் அவங்க விடற மூச்சுலதான் உங்களுக்கு மருந்து. பன்னெண்டு நாள் ஒரே கூரைக்குக் கீழே, ஒண்ணா சாப்பிட்டு, ஒண்ணா பேசிட்டு இருக்கணும். அவ்வளவுதான்."

"அந்தப் பன்னெண்டு நாளும் வர்றவங்களுக்கு?"

"கொஞ்சம் காய்ச்சல் அடிக்கும், தொண்டை கட்டும். அதனால வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு வீட்டுக்குத்தான். வீடு வீடாப் போனா வேற நோவையும் சேர்த்துக் கொண்டுபோயிடறாங்கன்னு அதைத் தடுத்துட்டாங்க. பச்சைக் குழந்தைகளைப் பத்திக் கவலையே இல்லை, அம்மா மடியே போதும். குடும்பத்துக்காகவே செஞ்ச மருந்தும்மா இது. கண்டுபிடிச்சவங்க ஒண்ணை மறந்துட்டாங்க."

"என்னத்த?"

"ஒரே ஆள் இருக்கற வீட்டை."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ரெஜினா குரலைத் தணித்துக்கொண்டாள். "அரசாங்கத்துலயே சில தன்னார்வலர்களைத் துணையா அனுப்பறாங்க. ஆனா ஆள் பத்தலை. ஒரு வீட்டுல ரெண்டு நோயாளி இருந்தா அங்கதான் முதல்ல அனுப்புவாங்க, ஒரு ஊசியில ரெண்டு உசுரு. தனியா இருக்கறவங்க பட்டியல்ல கடைசி. போன வருஷம் உங்க முறை எப்ப வந்துச்சு?"

"மாசியில. மழையெல்லாம் முடிஞ்ச பொறவு. இனி எதுக்குன்னு வேண்டாம்னுட்டேன்."

"அதேதான் இந்த வருஷமும். தீபாவளிக்கு அடுத்த திங்கக்கிழமை அஞ்சு மணிக்குப் பாரம் மூடிடுவாங்க. அதுக்குள்ள யாரையாவது கேளுங்க. வாயைத் திறந்து கேட்டாத்தானேம்மா தெரியும்?"

*

கேட்பதற்கு இருந்தது ஒரே ஒரு தம்பி, தாராபுரத்தில்.

"அக்கா, நான் வராம வேற யாரு வருவா?" என்றுதான் சின்னச்சாமி ஆரம்பித்தான். பின்னாலிருந்து அவன் மனைவியின் குரல் கேட்டது. "ஏனுங்க, எங்கம்மாவுக்கு ஊசி போட்டுக்கறேன்னு ஆடியிலயே சொன்னீங்களே, மறந்துபோச்சுங்களா? எங்கம்மா என்ன மரமா?" அப்புறம் தம்பி வேறு குரலில், "அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேன் அக்கா. இந்த வருஷம் கதவ மட்டும் தெறக்காத" என்றான்.

அவன் மேல் கோபம் வரவில்லை. ஓர் ஆளுக்கு ஒரு ஊசி. தம்பியின் மாமியாருக்கும் மூச்சு வேண்டும்தானே.

ஊரே அந்த மழைக்காலத்தைத் 'துணைக்காலம்' என்று சொல்லப் பழகியிருந்தது. ஆபீஸ்களில் பன்னிரண்டு நாள் துணை விடுப்பு கொடுத்தார்கள். மாப்பிள்ளை தேடும் விளம்பரங்களில் 'துணையிருக்க உடல்தகுதி உண்டு' என்று போட்டுக்கொண்டார்கள். சொத்துத் தகராறில் முகம் பார்க்காத அண்ணன் தம்பிகள், யார் யாருக்கு மூச்சுக் கொடுப்பது என்று ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். எதிர்வீட்டு ராமானுஜத்தின் மகன் ஆறு வருடமாக அப்பாவுடன் பேசாதவன். மழை தொடங்கியதுமே டொரண்டோவிலிருந்து வந்து இறங்கினான். பன்னிரண்டு நாளும் அப்பனும் மகனும் வராந்தாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தும்மினார்கள். பதிமூன்றாம் நாள் மகன் போன பிறகு, ராமானுஜம் கேட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இனி வைரஸ் அவரை ஒன்றும் செய்யாது. அவர் முகத்தைப் பார்த்தால் பிழைத்த ஆள் மாதிரி தெரியவில்லை.

ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அம்சவேணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

*

ஆயுத பூஜையன்று ரெஜினா மறுபடியும் வந்தாள். "ஊரெல்லாம் ஆயுதத்துக்கு லீவு, என் ஸ்டெதஸ்கோப்புக்கு மட்டும் டியூட்டி" என்று அலுத்துக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்தாள். மூச்சுமானியின் பதிவுகளைத் தன் பலகைக் கணினியில் இறக்கிப் பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"அம்மா, இது என்ன கணக்கு? ஒரு நாளைக்குச் சராசரியா பத்தொன்பது வார்த்தைதான் பேசறீங்க. அதுலயும் பாதி பால் பாக்கெட்டு. ஆனா போன வருஷம் ஒரே ஒரு நாள் அறுநூத்திச் சொச்சம். அதுக்கு முந்தின வருஷமும் ஒரு நாள் அதேபோல. மெஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்."

"என்ன நாளு?"

"ரெண்டும் ஆயுத பூஜை."

அம்சவேணி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள், தெரியாதவள் போல. "ஓ, அதா. மில்லுல எங்ககூட இருந்த மேஸ்திரி ஒருத்தரு. வருஷத்துக்கு ஒருக்கா இந்த நாளு கூப்புடுவாரு. மில்லுல ஆயுத பூஜைதான பெரிய பண்டிகை, அந்தப் பழக்கத்துல..."

சொல்லி வாய் மூடவில்லை, கைபேசி ஒலித்தது. அவள் விரலில் ரெஜினாவின் கருவி கவ்விக்கொண்டிருந்தது; இன்னொரு கையில் ஊதுகுழல். "ஸ்பீக்கர்ல போடறேன், பேசுங்க" என்று ரெஜினாவே பொத்தானை அழுத்திவிட்டாள்.

"அம்மிணி, நல்லா இருக்கறீங்களா? பொரி தின்னாச்சுங்களா?"

"ஆச்சுங்க மேஸ்திரி. உங்க மோட்டாருக்கெல்லாம் பொட்டு வெச்சாச்சா?"

"வெச்சாச்சு. அதுல ஒண்ணு பொட்டு வெக்கறப்ப மட்டும் ஓடுது. என்னயாட்டம்."

அவள் சிரித்தாள். ரெஜினாவின் திரையில் கோடு துள்ளி ஏறியது. உடுமலையில் மழை எப்படி, அமராவதி அணையில் தண்ணீர் எவ்வளவு, எந்த மோட்டார் எந்தத் தோட்டத்தில் எரிந்தது, மில்லிருந்த இடத்தில் இப்போது என்ன கட்டுகிறார்கள் என்று இருபது நிமிஷம் ஓடியது. தனக்குத் துணை இல்லை என்பதையோ ஆஸ்பத்திரியில் கிடந்ததையோ அவள் மூச்சுக்கூட விடவில்லை. அவரும் நடுவில் இரண்டு தரம் இருமி, "தூசிங்க" என்று சொல்லிப் பேச்சை நகர்த்திவிட்டார்.

"அப்ப, வரட்டுங்களா அம்மிணி?"

"சரிங்க மேஸ்திரி. ஒடம்பப் பார்த்துக்கங்க."

மறுமுனையில் அவர் உடனே வைக்கவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் இணைப்பு அறுந்தது.

ரெஜினா கருவியைக் கழற்றாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு?"

"அவர் என்னம்மா கேட்டாரு?"

"எப்ப?"

"கடைசியா."

"போயிட்டு வரட்டுங்களான்னு. எல்லாருஞ் சொல்றதுதான?"

"வாசல்ல நின்னு சொல்றது அது. போன்ல யாராவது வரட்டுங்களான்னு கேப்பாங்களா? வெச்சறட்டுங்களான்னுதானே கேப்பாங்க?"

அம்சவேணி ஊதுகுழலை மடியில் வைத்தாள்.

"எங்கேயும் போகாம உடுமலையில உக்காந்திருக்கற மனுஷன், எங்கிருந்து எங்க போயிட்டு வரட்டுமான்னு கேக்கறாரு? ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் கேக்கறாரா?"

"ஆமா..."

"நீங்க ஒவ்வொரு வருஷமும் உடம்பைப் பார்த்துக்கங்கன்னு சொல்லி அனுப்பறீங்களா?"

"ஆமா கண்ணு..."

"என் ஆண்டவரே" என்று ரெஜினா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "வரட்டுமான்னு ஒருத்தர் பதினோரு வருஷமா கேட்டுட்டு இருக்காரு. இந்த அம்மா பதினோரு வருஷமா டாட்டா காட்டிட்டு இருக்காங்க."

அவள் போன பிறகு அம்சவேணி முக்காலியின் முன்னால் நின்றாள். அதன் காலை அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை. ஹெல்மெட் கை மாறியதும், கம்பிக்குள் கை நுழைந்ததும், 'இனி ஆடாதுங்க' என்றதும், அந்த நிற்றலும் இப்போது ஒவ்வொன்றாக வந்து தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. கிளம்புகிறவர் நின்ற நிற்றல் இல்லை அது. பதிலுக்குக் காத்திருந்தவருடையது.

அன்றைக்கு மட்டும் அவள் மனசு வைத்து 'வாங்க' என்று சொல்லியிருந்தால்? சொல்லத்தான் ஆசை. 'உள்ள வந்து உக்காருங்க, போவாதீங்க' என்ற வார்த்தை தொண்டை வரை வந்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. தெரு பார்க்கிறது என்று விழுங்கினாள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆயுத பூஜையன்றும் விழுங்கினாள்.

*

அன்றே கூப்பிட்டுவிட வேண்டியதுதானே என்று தோன்றும். கைபேசியை எடுக்கவும் செய்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் விரல் நின்றது.

இப்போது கூப்பிட்டால் அது என்ன கூப்பிடல்? பதினோரு வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, மூச்சு முட்டும்போது 'வாங்க' என்றால், அந்த மனிதர் என்ன நினைப்பார்? வந்து காய்ச்சலில் கிடந்து மூச்சைக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று கூப்பிடுகிறாள் என்றுதானே? தெருவில் பன்னிரண்டு நாளைக்கு வந்து போகிறவர்களை அவள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள். ராமானுஜத்தின் மகன் வாசலில் விட்டுப் போன செருப்புத் தடம்கூட மழையில் கரைந்துவிட்டது.

நாட்கள் போயின. தீபாவளி வந்தது, போனது. மூச்சுமானி ஒரு காலையில், "நேற்று பேசிய சொற்கள் ஆறு. நீங்கள் நலமா?" என்று கேட்டது. மெஷினுக்கே தன் மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் மூச்சு இரைத்தது. உட்கார இடம் தேடி முக்காலியில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு அதில் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை.

கடைசி நாளான திங்கட்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, நல்ல மழையில் ரெஜினாவின் செய்தி வந்தது. 'அஞ்சு மணிக்கு மூடிடுவாங்கம்மா. பேரு?'

அவள் அதே முக்காலியில் போய் உட்கார்ந்து திருமூர்த்தியைக் கூப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் அவளாகக் கூப்பிடுவது இதுவே முதல் முறை. சொல்ல வேண்டியது ஒன்றும் பெரிதாக இல்லை என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டாள். பேசிக்கொண்டே இருந்தால் கடைசியில் அவரே வழக்கம்போல வரட்டுங்களா என்று கேட்பார். 'வாங்க' என்று ஒற்றை வார்த்தை சொன்னால் போதும். காய்ச்சல் பற்றியும் பாரம் பற்றியும் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

"அம்மிணி!" அவர் குரல் பதறியது. "என்னாச்சுங்க? ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மாதான்."

"சும்மாவா? இன்னைக்கு ஆயுத பூஜை இல்லீங்களே."

"ஆயுத பூஜைன்னாத்தான் பேசோணுமா?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, நிற்க வெகுநேரம் ஆனது. இருபத்திரண்டு வருடம் மில்லில் இருந்தவளுக்கு அந்த இருமல் எதனால் என்று கேட்க வேண்டியதில்லை. அது பஞ்சு இருமல்.

"மேஸ்திரி, இது தூசி இல்லீங்க."

"இல்லீங்க" என்று ஒத்துக்கொண்டார். "போன வாரம் ஊதச் சொல்லிப் பார்த்தாங்க. மில்லுப் பஞ்சு உங்களுக்கு மட்டுமா சொந்தம்? என்னையும் லிஸ்ட்ல சேர்த்துட்டாங்க. எங்க வீட்டுச் செவுத்துலயும் ஒரு பொட்டிய மாட்டிட்டுப் போயிட்டாங்க. காத்தால ஏழு மணிக்கு எதாச்சும் பேசுங்கன்னு உசுர வாங்குது."

"நீங்க என்ன பேசுவீங்க?"

"மோட்டார் மேல ஒட்டியிருக்கறதப் படிப்பேன். ஈரக் கையால் தொடாதீர்."

"துணைக்கு மக வருதுங்களா?"

"வெளிநாட்டுல, பெர்த்ல இருக்கறா. ரெண்டாவது பேத்தி பொறந்து ஒரு மாசந்தான் ஆவுது, அதுக்கு மூச்சு வேண்டாமா? நான் அவகிட்டச் சொல்லவே இல்லீங்க. பாரத்துல அந்தக் கட்டத்த காலியாவே உட்டுட்டேன். எங்கூரு நர்சம்மா சொல்லுது, வீட்டுல ரெண்டு நோயாளி இருந்தாத்தான் அரசாங்கத்துல மொதல்ல ஆளு அனுப்புவாங்களாம். எங்க வீட்டுல ரெண்டு பேருதான் தாயி, நானும் மோட்டாருமுன்னு சொன்னேன். அது சிரிக்கவே இல்ல."

வெளியே மழை வலுத்தது. அம்சவேணி கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவர் துணையாக முடியாது. அந்தத் தொண்டையில் எந்த மருந்தையும் வளர்க்க விட மாட்டார்கள். மூன்று வாரமாக அவள் கூசிக் கூசிப் பதுக்கி வைத்திருந்த காரணம், கேட்பதற்கு முன்னாலேயே இல்லாமல் போய்விட்டது. அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள இனி அவளுக்கு ஒன்றுமே இல்லை.

ஆச்சரியம், அவருடைய அந்த ஒற்றைக் கேள்விக்காக அவள் காது இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்தது.

"சரிங்க அம்மிணி. உங்களுக்கும் மூச்சு வாங்குது, எனக்குக் கேக்குது." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "அப்ப, வெச்சறட்டுங்களா?"

வெச்சறட்டுங்களா.

எல்லோரும் கேட்பது போலவே கேட்டுவிட்டார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக. நோயாளியாகிவிட்டவன் எந்த முகத்தோடு வரட்டுமா என்று கேட்பது என்று அந்த மனிதரும் தன் வார்த்தையை விழுங்கிவிட்டார் என்பது அவளுக்குப் புரிந்தது. விழுங்கும் சத்தம் அவள் அறியாததா? அவருக்காக அவள் தயார் செய்து வைத்திருந்த 'வாங்க' கையில் பிடித்த தாம்பூலம் போல அப்படியே நின்றது. கேள்வியே வரவில்லை, பதிலை யாருக்குக் கொடுப்பது?

"வெக்காதீங்க மேஸ்திரி."

"சொல்லுங்க."

சுவரிலிருந்த மூச்சுமானி, "மூச்சு வேகமாகிறது. ஓய்வெடுங்கள்" என்றது.

"நீ கம்முனு இரு" என்று அவள் அதை அதட்டினாள்.

"யாருங்க, என்னயவா?"

"இல்லீங்க, பொட்டிய." அவள் முக்காலியின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். தெரு பார்த்தால் பார்க்கட்டும். "மேஸ்திரி... நான் வரட்டுங்களா?"

"சரிங்க அம்மிணி" என்றார் அவர் மெதுவாக. "மழை நேரம். ஒடம்பப் பார்த்துக்கங்க."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அவர் நின்றது போலவே அவளும் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றாள். ஆனால் போகவில்லை.

"நான் போறதுக்குக் கேக்கலீங்க மேஸ்திரி. வர்றதுக்குக் கேக்கறேன். ஒரே வீட்டுல ரெண்டு நோயாளின்னு அரசாங்கம் ஆள அனுப்புனாலும் சரி, அனுப்பாட்டியும் சரி, பன்னெண்டு நாளைக்கு இல்லீங்க. உங்க வீட்டுக்கு வந்து உங்ககூடவே இருக்கறதுக்குக் கேக்கறேன். வரட்டுங்களா?"